சாட்சிக்கு வைத்த பொட்டு

தன் கையால் தூக்கிக் காரில் கிடத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்த மனிதரைத் தானே மோதித் தள்ளுவதை நவநீதம் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏரிக்கரை வளைவில் கார் திரும்புகிறது. ரோட்டோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நுங்கு வியாபாரி எத்திராஜ் நிற்கிறார். கார் நெருங்குகிறது. அவர் ஒரு எட்டு முன்னால் வைக்கிறார். பம்பர் அவர் இடுப்பைத் தொடுகிறது. சைக்கிளோடு சாய்கிறார். நுங்குகள் தார் ரோட்டில் சிதறி உருள்கின்றன. அப்புறம்தான் கார் நிற்கிறது. கார்க்காரி இறங்கித் தலைதெறிக்க ஓடி வருகிறாள்.

கார்க்காரி, நவநீதம்தான்.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார் ஜெசிந்தா. விபத்து ஆய்வு அலுவலகத்தின் ஆய்வாளர்.

"வேணாம் மேடம்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க. ஒத்துக்கிட்டா பகல் லைசென்ஸ் மட்டும்தான் போகும். ராத்திரி ஓட்டிப் பொழைச்சுக்கலாம். ஒத்துக்காம கோர்ட்டுக்குப் போனா உள்ளே வெச்சிடுவாங்க. உங்களைப் பயமுறுத்தலைங்க. சாட்சி இப்படிச் சொல்றப்ப எந்த வக்கீலாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

சாட்சி என்றால் ஆள் இல்லை. டேஷ்போர்டுக்கு மேலே முன்கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கேமராவைத்தான் வேலூரில் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள். சட்டம் வந்த நாளிலிருந்து அது இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஏறக்கூடாது. அரசாங்க சீல் வைத்தது. கழற்றக்கூடாது, வெயிலுக்குத் துணி போட்டு மூடக்கூடாது. விபத்து நேரத்துப் படம் இல்லையென்றால் ஓட்டியவர்மேல் குற்றம். படம் இருந்தால் படம் சொல்வதே தீர்ப்பு. பொய்ச் சாட்சி ஒழிந்தது, ஆள் வைத்து மிரட்டுவது ஒழிந்தது என்று ஊரே கைதட்டி வரவேற்ற சட்டம்.

முதல் கோடையிலேயே வேலூர் வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டது. சாட்சிகள் கொதித்துப்போய்த் தாமாக அணைந்தன. சில, ஒட்டுப் பசை இளகி டேஷ்போர்டில் தலைகுப்புற விழுந்து கிடந்தன. படம் இல்லாததால் இடித்தவனும் குற்றவாளி, இடிபட்டவனும் குற்றவாளி. ஒரே கூச்சல். அடுத்த கோடைக்குள் கேமராக் கம்பெனி உள்ளே ஏதோ மாற்றம் செய்தது. அதற்கப்புறம் ஒரு சாட்சிகூட அணையவில்லை. என்ன மாற்றம் என்று யாரும் கேட்கவில்லை.

"மேடம், அவர் கண்ணு முழிச்சதும் வெயில்ல தலை சுத்தி விழுந்தேன்னு சொன்னாரே?"

"சொன்னார். படத்தைக் காட்டினோம். திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார். அப்புறம், 'இடிச்சிருக்கும்போல, எனக்குத்தான் ஞாபகமில்லை'ன்னுட்டார்."

முந்தாநாள்வரை எத்திராஜின் மனைவி தேசம்மா நவநீதத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். "நீ நிக்காம போயிருந்தா நான் இன்னாம்மா ஆயிருப்பேன்" என்று அழுதாள். படத்தைப் பார்த்தபின் ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரே வந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"நான் வெளியே போயிட்டு வந்து போடறேன் மேடம்."

"வாங்க. அவசரமில்லை."

வராந்தாவில் முக்தார் பாய் காத்திருந்தார். ஒரே கால்டாக்சியை இரண்டு பேரும் பங்கிட்டு ஓட்டினார்கள். பகல் அவளுக்கு, ராத்திரி அவருக்கு. விடிகாலையில் சாவி கை மாறும்போது பேசிக்கொள்கிற பேச்சுதான் இத்தனை வருஷப் பழக்கம். பேச்சில் பாதி சண்டை.

"இன்னாச்சு தங்கச்சி?"

"நான்தான் இடிச்சேன்னு காட்டுது பாய்."

"நீ இடிச்சியா?"

அதுதானே கேள்வி. நவநீதம் சுவரில் சாய்ந்தாள்.

அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சவாரிக்காக வெகுநேரம் நின்றாள். நிற்கிற நேரத்தில் ஏசி போட்டால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று எல்லா டிரைவர்களும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தாள். கார் வெயிலில் வெந்தது. கடைசியில் சவாரி கிடைக்காமல், ஸ்டீயரிங்கைத் துண்டு சுற்றிப் பிடித்துக்கொண்டு காலி வண்டியைக் கிளப்பினாள். ஏரிக்கரை வளைவில் மேற்கே திரும்பியதும் சூரியன் முன்கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளையாக அறைந்தது. கண் கூசியது. வேகத்தைக் குறைத்தாள். கண் தெளிந்தபோது எதிரே ஒரு மனிதர் கிடந்தார். பிரேக்கை அழுத்தினாள்.

"கண்ணு கூசினப்ப இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியலையே பாய். சத்தம் எதுவும் கேக்கலைன்னு நெனைச்சேன். இப்ப அந்தப் படத்தைப் பார்த்தப்புறம், லேசா ஒரு சத்தம் கேட்ட மாதிரியே இருக்கு."

முக்தார் பாய் தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு."

அவர் கதை அவளுக்குத் தெரியும். மூன்று கோடைக்கு முன்னால், ஆம்பூர் ரோட்டில், உச்சி வெயிலில், ஸ்கூட்டரில் வந்த கன்னியப்பன் என்கிற தோல் தொழிற்சாலைக்காரர் கீழே விழுந்து ஒரு காலை இழந்தார். ஸ்கூட்டர்தான் குறுக்கே வந்து விழுந்தது என்று பாய் நினைத்தார். பாயின் கார்தான் ஒதுங்கி வந்து ஸ்கூட்டரைத் தட்டியது என்று சாட்சி காட்டியது. பாய் ஒத்துக்கொண்டார். பகல் போயிற்று. அன்றிலிருந்து அவர் ராத்திரி டிரைவர். இப்படிப் பகலை இழந்தவர்களுக்கு ஸ்டாண்டில் 'ராக்கோழி' என்று பெயர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய், கன்னியப்பன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். முதலில் வாசலோடு நின்றது, பிறகு டீ வரை வந்திருந்தது.

"ஒத்துக்கம்மா. நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும். கண்ணு கூசினா நாம மூடிக்கறோம். அது மூடறதில்லையே. ஒத்துக்கிட்டா மனசுல ஒரு ஓரமா அமைதி வரும். நெசமாத்தான் சொல்றேன்."

"அமைதி வந்திருக்கா உங்களுக்கு?"

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ராத்திரி வேலை என்றால் மகள் யாழினி வீட்டில் தனியாகப் படுக்க வேண்டும். அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். ஒரு ஆளைக் காப்பாற்றினோம் என்று இந்த நாட்களில் உள்ளுக்குள் ஊறியிருந்த ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் 'இடித்தவள்' என்று எழுதச் சொன்னதுதான் தாங்கவில்லை.

உள்ளே போனாள். பேனாவை எடுத்தாள்.

"கடைசியா ஒரே ஒரு தடவை காட்டுங்க மேடம். என்னை நானே ஒழுங்காப் பார்த்துக்கறேன்."

ஜெசிந்தா படத்தை ஓட்டினார். வளைவு வந்தது. எத்திராஜ் நின்றார். கார் நெருங்கியது. அவர் எட்டு வைத்தபோது நவநீதத்தால் பார்க்க முடியவில்லை. கண்ணை எங்காவது வைக்கவேண்டுமே என்று படத்தின் மேல்மூலைக்குக் கொண்டுபோனாள். வண்டியில் சாட்சியின் சின்னத் திரையில் ஆறேழு மாதமாக அவள் கண் பழகிப்போய், எரிச்சலோடு போய் நிற்கிற மூலை அது.

மூலை சுத்தமாக இருந்தது.

"நிறுத்துங்க மேடம்."

"என்ன?"

"இங்க ஒரு பொட்டு இருக்கணும்."

ஜெசிந்தா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பயத்தில் இந்தப் பெண்ணுக்கு எதுவோ ஆகிவிட்டது என்கிற பார்வை.

"இல்லைங்க மேடம், நெசமாத்தான். கொஞ்சம் முன்னாடி போங்க. வளைவுக்கு முன்னாடி... பாருங்க, மேலே மூலையில செவப்பா, பிறை மாதிரி. இருக்கா? இப்ப மெதுவா விடுங்க. இருக்கு, இருக்கு... போச்சு. அவரு விழறப்ப இல்லை. இப்ப நான் இறங்கி ஓடறேன். திரும்ப வந்துடுச்சு பாருங்க."

ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்தார். படத்தை முன்னும் பின்னும் தள்ளினார். பிறை வந்தது, போனது, வந்தது.

"இது என்ன கறை?"

"அது ஒரு பெரிய கதை மேடம். அதைப் பண்ணின ஆளு வெளியே உக்காந்திருக்காரு. கூப்பிடறேன்."

முக்தார் பாய் குற்றவாளியைப்போல் உள்ளே வந்தார். ஒருவிதத்தில் குற்றவாளிதான். போன ஆயுத பூஜையன்று யாழினி டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நவநீதம் ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை. விடிகாலையில் வண்டியை ஒப்படைக்க வந்த பாய் பார்க்கிறார்: ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை வண்டியும் மாலையும் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாண மாப்பிள்ளைபோல் நிற்கிறது. இவர்கள் வண்டி மட்டும் மொட்டையாக நின்றது. அவருக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து டிரைவரிடம் சந்தனமும் குங்குமமும் இருந்த கிண்ணத்தைக் கடன் வாங்கிவிட்டார்.

"எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியாதுங்க மேடம். பானெட்டு, ஸ்டீயரிங்கு எல்லாத்துலயும் வெச்சேன். முக்கியமா நெத்தியில வெக்கணும் இல்லீங்களா? வண்டிக்கு நெத்தி எது? கேமரா கண்ணு. அப்ப அதுக்கு மேல நெத்தி. சரியாத்தான் கணக்குப் போட்டேன். கட்டைவிரலு கொஞ்சம் பெரிசாப் போச்சு."

"கண்ணு மேலயே அப்பிட்டாரு" என்றாள் நவநீதம். "வெயில்ல காய்ஞ்சு, கண்ணாடியோட கண்ணாடியா வெந்து ஒட்டிக்கிச்சு. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சேன், சோப்புத் தண்ணி போட்டேன், ஒண்ணும் ஆவல. சீல் வெச்சதால கழட்டவும் முடியாது. தெனமும் சாவி வாங்கறப்ப இதுக்காகத் திட்டுவேன்."

"பொட்டு பாய்னு பேரு வெச்சிருக்கா மேடம்" என்றார் அவர், புகார் கொடுக்கிறவரைப்போல.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழியாத கறை எப்படி மேடம் நடுவுல மட்டும் அழியும்?" என்றாள் நவநீதம்.

"அழியலை" என்றார் ஜெசிந்தா. "கேமரா அந்த நேரத்துல பார்க்கவே இல்லை."

"அப்ப இந்தப் படம்?"

"உங்களுக்குப் புரியற மாதிரி... இல்லை, எனக்கே புரியற மாதிரி சொல்லிப் பார்க்கறேன். கேமரா ரொம்ப சூடானா பார்வை விட்டுவிட்டு வரும். சூரியனை நேராப் பார்த்தா இன்னும் மோசம். முதல் வருஷம் அப்ப அணைஞ்சிடும். அதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க, சின்னச் சின்னதா விட்டுப்போற இடத்தை நிரப்பறோம்னு சொன்னாங்க. கண் சிமிட்டற நேரம்தான், படம் குதிக்காம இருக்கறதுக்குன்னு சொன்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம்."

"நிரப்பறதுன்னா?"

"விட்டுப்போறதுக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்கறார். திரும்பப் பார்வை வர்றப்ப அதே ஆள் காருக்கு முன்னாடி கீழே கிடக்கறார். நடுவுல என்ன நடந்திருக்கும்? அந்த மெஷின் ஊர்ல நடந்த விபத்துப் படமா பார்த்துப் பார்த்து வளர்ந்தது. கார் இருக்கு, கீழே ஆள் இருக்கு. அதுக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணுதான். அதை வரைஞ்சிடுது. வரையறப்ப கண்ணாடியில இருக்கற அழுக்கையெல்லாம் யார் வரைவாங்க? சுத்தமா வரைஞ்சிருக்கு."

நவநீதம் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"இது வெறும் என் ஊகம். மேலே எழுதணும்னா கண்ணால பார்க்கணும்" என்று எழுந்தார் ஜெசிந்தா. "வண்டி வெளியே வெயில்லதானே நிக்குது?"

"வேற எங்க மேடம், உங்க ஆபீஸ்ல நிழல் ஏது?"

அலுவலக மைதானத்தில் அனல் அலையாக எழும்பியது. காரின் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. சாட்சியின் உடம்பைத் தொட்ட ஜெசிந்தா கையை உதறினார். தரையில் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"நவநீதம், சூரியனைப் பார்த்து மெதுவா வந்து கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்துங்க. பாய், நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. கார் வர்றப்ப நீங்களாவே கீழே படுத்துக்கணும்."

"தரை தோசைக்கல்லு மாதிரி கீது மேடம்."

"கோணி போட்டுக்கோங்க."

முதல் தடவை சாட்சி ஒழுங்காகப் பார்த்தது. அடுத்த தடவையும் ஒழுங்காகப் பார்த்தது. பாய் எழுந்து எழுந்து படுத்ததில் சட்டையெல்லாம் புழுதி. "வயசான காலத்துல நல்ல வேலை குடுத்தே தங்கச்சி" என்று முனகினார். காரை இன்னும் கொஞ்ச நேரம் காயவிட்டுத் திரும்ப ஓட்டினாள் நவநீதம். கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினாள். காருக்கும் பாய்க்கும் நடுவில் இன்னொரு காரை நிறுத்துகிற அளவு இடம் இருந்தது.

மூவரும் உள்ளே வந்து படத்தைப் பார்த்தார்கள்.

பிறை இருந்தது. கார் நகர்ந்தது. பிறை மறைந்தது. கார் கோட்டைத் தாண்டியது. முக்தார் பாயை மோதியது. அவர் கைகளை விரித்துக்கொண்டு மல்லாந்தார். பிறை திரும்பியது. கார் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

ஜெசிந்தா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நவநீதம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை. 'நான் இடிக்கலை' என்று அவள் சொல்லவில்லை. "நான் அவரைத் தூக்கிட்டுத்தான் போனேன், தூக்கிட்டுத்தான் போனேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, தூக்கிட்டுத்தான் போனீங்க. டாக்டரும் காய்ச்சல் ஏகத்துக்கு இருந்துச்சுன்னு எழுதியிருக்கார். வெயில் மயக்கம்தான். நாங்கதான் அதைப் பெரிசா எடுத்துக்கலை."

நவநீதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்மேல் மோதாத கார் தன்னை மோதுவதை.

"மேடம்" என்றார். "ஆம்பூர் ரோட்டுல... என்னுதும் மே மாசம்தான். உச்சிவேளைதான்."

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டதும் தான்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உங்க வண்டிக்கு யார் பொட்டு வெச்சாங்க பாய்?" என்று மட்டும் கேட்டார்.

"யாரும் வெக்கலைங்க. அது பழைய வண்டி. முன்கண்ணாடியில ஒரு கல்லு பட்ட விரிசல் இருந்துச்சு. அவ்ளோதான்."

"விரிசல் போதும்."

அந்தக் கோடை முழுக்க ஜெசிந்தா அறையில் விளக்கு அணையவில்லை என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். தான் கையெழுத்துப் போட்ட பகல்நேரப் படங்களையெல்லாம் தானே திரும்ப எடுத்துப் பார்த்தார். மேலிடத்திலிருந்து வேண்டாம் என்றார்கள், பார்த்தார். வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள், மாற்றுகிறவரைக்கும் பார்க்கிறேன் என்றார். அழுக்கு மறைகிற படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ராக்கோழிகள் பலர் பகலுக்குத் திரும்பினார்கள்.

எத்திராஜ் தேறி வீட்டுக்கு வந்ததும் தேசம்மா கால்டாக்சி ஸ்டாண்டுக்கு வந்தாள். கையில் ஒரு குலை நுங்கு. நவநீதத்திடம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணால பார்த்துட்டேன்னு நம்பிட்டேம்மா."

"நானே நம்பிட்டேன்க்கா. நீங்க நம்பினதுல இன்னா இருக்கு" என்றாள் நவநீதம். "உக்காருங்க. இதை எப்படிச் சீவறதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே சீவிக் குடுங்க."

தேசம்மா உட்கார்ந்து சீவிக் கொடுத்தாள். ஸ்டாண்டே சாப்பிட்டது.

முக்தார் பாயை ஜெசிந்தா கூப்பிட்டனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை. நவநீதமும் கூடப் போனாள். திரையில் ஆம்பூர் ரோடு ஓடியது. விரிசல் மின்னியது, ஸ்கூட்டர் நெருங்கியபோது காணாமல் போனது, கன்னியப்பன் ரோட்டில் கிடந்தபோது திரும்பவும் மின்னியது.

"நீங்க இடிக்கலைன்னு இது சொல்லலை பாய்" என்றார் ஜெசிந்தா. "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியப்போறதில்லை. இடிச்சீங்கன்னு சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. அவ்வளவுதான். என்னை மன்னிச்சிடுங்க."

"அது போதும் மேடம். தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னதே போதும்" என்றார் பாய். பகல் லைசென்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெளியே கார் நின்றது. புதுச் சாட்சி மாட்டியிருந்தார்கள். சூடானால் கதை கட்டாமல், 'இந்த நேரத்தில் நான் பார்க்கவில்லை' என்று ஒரு வரி மட்டும் எழுதுகிற சாட்சி. நவநீதம் சாவியை நீட்டினாள். பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது உன் ஷிப்டு."

"இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. வெயில்ல ஓட்டி எவ்ளோ நாளாச்சு."

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்கண்ணாடிக்கு வெளியே பகலைப் பார்த்தார். நவநீதம் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர் முன்னால் திறந்தாள். குழைத்த சந்தனம், ஒரு ஓரத்தில் குங்குமம்.

"வைங்க பாய்."

"விளையாடறியா? நெத்தி எதுன்னு இப்பவாச்சும் சொல்லிக் குடு."

"உங்க கணக்குதான் சரி. அதே இடம்."

பாய் கட்டைவிரலால் தொட்டு, வெகு ஜாக்கிரதையாக, கண்ணின் மேல்விளிம்பில் பட்டும் படாமலும் வைத்தார். கொஞ்சம் கண்மேல் வழிந்தது. இருவரும் துடைக்கவில்லை.

"எங்க போறோம்?" என்றாள்.

"ஆம்பூருக்கு. வெள்ளிக்கிழமை இல்ல."

"இனிமே எதுக்கு பாய் போவணும்? உங்க மேல தப்புன்னு யாரும் சொல்ல முடியாதே."

பாய் வண்டியைக் கிளப்பினார். வாசலைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. ஒரு கையால் நெற்றியில் மறைப்புப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளு மன்னிப்புக் கேக்கப் போனேன்மா" என்றார். "இன்னிக்குத்தான் சும்மா பார்த்துட்டு வரலாம்னு போறேன்."